கல்வெட்டில் இல்லாத துவக்கு

அந்தியேட்டி முடிந்த மறுநாள், கல்வெட்டு ஒன்று எங்கள் ரெஸ்ரோறன்ற் குசினிக்கும் வந்து சேர்ந்தது. நாற்பத்துநான்கு பக்கம். வழவழப்பான தாள். விநாயகர் துதி, பஞ்சபுராணம், மடித்து விரிக்கிற தாளில் வம்ச விருட்சம், கனடாவிலிருந்து மைத்துனர் எழுதிய வெண்பா (தளை தட்டுகிறது, அது போகட்டும்), லண்டனிலிருந்து சகலன் எழுதிய இரங்கல், கடைசியில் நன்றி நவிலல். அண்ணை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார், எந்தக் கோவிலுக்கு எத்தனையாம் திருவிழா உபயம் செய்தார், அவருடைய பாட்டனார் எத்தனை பரப்புக் காணி வைத்திருந்தார் எல்லாம் இருக்கிறது. முப்பத்தொரு வருடமாக அவர் செவ்வாய்க்கிழமைகளில் எங்கே போனார் என்பது மட்டும் இல்லை. ஒரு வசனம்கூட இல்லை.

அட்டையில் ஒரு படம் போட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தை எங்களுக்குத் தெரியும். எங்களில் ஒருவர்தான் எடுத்தது. வட்டாரப் போட்டியில் பரிசு வாங்கிய அன்று, வலது தோளில் எயர் றைபிள், இடது கையில் கோப்பை, முகத்தில் ஒரு வெட்கச் சிரிப்பு. கல்வெட்டில் தோளுக்குக் கீழே வெட்டிவிட்டார்கள். பின்னாலே நீல வானமும் இரண்டு முகிலும் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் கழுத்தடியில் சூட்டுச் சட்டையின் தடித்த கன்வஸ் கொலர் இன்னும் தெரிகிறது. வெட்டியவருக்கு அது என்னவென்று தெரிந்திருக்காது.

பெயரை நாங்கள் எழுதவில்லை. அக்கா கேட்டுக்கொண்டார். அக்காவோடு எங்களுக்கு எந்தக் கோபமும் இல்லை. குசினியில் வயதில் மூத்தவரைக் கூப்பிடுவதுபோல அண்ணை என்றே எழுதுகிறோம். அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளட்டும்.

நாங்கள் என்றால் நான்கு பேர். ஹம் நகரத்தைச் சுற்றியுள்ள சின்ன ஊர்களில் இத்தாலியனிடமும் கிரேக்கனிடமும் சமைக்கிறவர்கள், கோப்பை கழுவுகிறவர்கள். 2009 க்குப் பிறகு வந்தவர்கள். ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்றவர். இன்னொருவர் கலைப்பீடம், அவர் அவ்வளவுகூட இல்லை. படிப்பை முடிக்காதவன் எழுதினால் கட்டுரையும் முடியாமல்தான் நிற்கும் என்று ஒருமுறை ஒரு பெரியவர் எங்களுக்குச் சொன்னார். நிற்கட்டும்.

2024 டிசம்பரில் ஒரு வெள்ளி இரவு, கடைசி ஓர்டர் போன பிறகு, கோப்பை கழுவும் மெசினின் கதவைத் திறந்தபடி அண்ணை விழுந்தார். மாரடைப்பு. அறுபது வயது. செத்தவீட்டை எல்லாரும் செய்வதுபோலவே செய்தார்கள். தகனசாலையின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, ஓதுவாரைக் கூப்பிட்டு, சுண்ணம் இடித்து, எல்லாம். நாங்கள் எழுத வந்தது மண்டபத்தின் வாசலில் நடந்ததைப் பற்றி.

பத்தரை மணிக்கு குறிசூட்டுச் சங்கத்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள். பச்சைச் சட்டை, தொப்பியில் இறகு, வெள்ளைக் கையுறை, சங்கத்துக் கொடி. கொடியின் உச்சியில் கறுப்புத் துணி கட்டியிருந்தது. சங்கத்தில் ஒருவர் இறந்தால் கொடியோடு வந்து, பெட்டி போகும்போது கொடியைத் தாழ்த்துவது அவர்களுடைய வழக்கம். எங்கள் ஊரில் பறைமேளம் வருகிறதைப்போல அது அவர்களுக்குச் செத்தவீட்டு முறை. அவர்களில் மூத்தவருக்கு எண்பது தாண்டிவிட்டது. 1993 இல் அண்ணையின் கையில் முதன்முதலாக றைபிளைக் கொடுத்தவர் அவர்தான்.

வாசலில் நின்ற பொறுப்பாளர் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "தம்பியவை, உவை ஆமிக்காரர் மாதிரி வந்து நிக்கினம். சனம் பயப்பிடுது. உள்ளுக்கை விடேலாது. நீங்களே டொச்சிலை சொல்லிவிடுங்கோ."

நாங்கள் சொன்னோம். அதுதான் எங்கள் வெட்கம். சண்டை பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. செத்தவீட்டில் என்ன சண்டை என்று நினைத்தோம். அந்த மூத்தவர் எங்களுடைய டொச்சை முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, வெளியில் நிற்கிறோம்" என்றார். ஆலங்கட்டியும் மழையுமாகக் கொட்டியது. ஒன்றேமுக்கால் மணித்தியாலம் நின்றார்கள். அவர்கள் கொண்டுவந்த மலர்வளையத்தில் "எங்கள் சூட்டுச் சகோதரனுக்கு" என்று ரிபன் இருந்தது. அதை யாரோ எடுத்துப் பின்வரிசையில் வைத்து, ஊர்ச்சங்கத்தின் வளையத்தால் மறைத்துவிட்டார்கள்.

சனம் பயப்பிட்டதாம்! மண்டபத்துக்குள் இருந்த சனத்தை எங்களுக்குத் தெரியும். நவம்பர் மாதத்தில் தங்கள் பிள்ளைகளுக்கு வரிப்புலிச் சட்டை தைத்துப் போட்டு, கையில் மரத்துவக்குக் கொடுத்து, மேடையில் ஏற்றிப் படம் எடுக்கிற சனம். வரவேற்பறையில் சோபாவுக்கு மேலே துவக்குக் கலண்டர் தொங்கவிட்டிருந்த சனம். முப்பது வருடம் துவக்கைப் பாட்டிலே கேட்டு, துவக்குக்குக் காசு கொடுத்து, துவக்கு பேசும் என்று சொல்லித் திரிந்த சனம். இவர்களுக்கு அரை மில்லிமீற்றர் புள்ளியைச் சுடுகிற ஆறு கிழவர்களைக் கண்டு பயம்!

பயம் இல்லை. வெட்கம். எங்களுக்குத் தெரிந்த துவக்கு மனிதரைச் சுடுகிற துவக்கு. அது பெருமை. மனிதரைச் சுடாத துவக்கு ஒன்று இருக்கிறது, அதோடு ஒருவர் முப்பத்தொரு வருடம் சந்தோசமாக இருந்தார் என்பதை எங்கே வைப்பது என்று எங்களுடைய சமூகத்துக்குத் தெரியவில்லை. ஆகவே வெட்டி எறிந்தார்கள்.

மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். செத்த மூன்றாம் நாள் இன்னொரு கூட்டம் எங்களிடம் வந்தது. அவர்களுக்கு அதே படம் வேண்டுமாம், றைபிளோடு. "பின்னணியை நாங்கள் மாத்திறம், நாட்டுப்பற்றாளர் எண்டு போடலாம்" என்றார்கள். அதாவது கோப்பையை வெட்டிவிட்டுத் துவக்கை வைத்திருப்பார்கள். குடும்பத்தார் துவக்கை வெட்டினார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே கத்தரிக்கோல்தான். அக்கா அந்தப் படத்தை அவர்களுக்குக் கொடுக்க மறுத்தார், அதற்காக அவரை மதிக்கிறோம்.

மூன்றாவது ஒரு கதையும் உலவியது. அவர் ஏதோ இயக்கத்தில் இருந்தவர், பிறகு காட்டிக்கொடுத்தவர், தற்பாதுகாப்புக்காகத்தான் சுடப் பழகினவர் என்று. எங்களுடைய ஆட்கள் ஒருவரைப் பற்றி எதுவும் தெரியாதபோது கண்டுபிடிக்கிற முதலாவது சொல் துரோகி.

அவர் இயக்கத்தில் இருந்தவர்தான். 1984 இல், இருபது வயதில், வள்ளமேறித் தமிழ்நாட்டுக்குப் போய், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு முகாமில் பயிற்சி எடுத்தவர். எந்த இயக்கம் என்று எழுதினால் வாசிக்கிறவர் உடனே ஒரு பக்கம் எடுத்துவிடுவார், ஆகவே எழுதவில்லை. எங்களுக்கு ஒரேயொரு முறைதான் சொன்னார். அங்கே குறிபார்க்கச் சாக்குக்குள் வைக்கோல் அடைந்து, தலை, கை, கால் எல்லாம் வைத்துத் தைத்து நிறுத்தியிருப்பார்களாம். ஒரு நாள் காலையில் அந்த வரிசையில் சாக்குப் பொம்மைக்குப் பக்கத்தில் கூடப் பயின்ற ஒரு பெடியனைக் கட்டியிருந்தார்களாம். கேள்வி கேட்டவனாம். அன்றிரவே அண்ணை தப்பி வெளிக்கிட்டார். கொழும்பு வந்து, கிழக்கு பெர்லின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் வந்தார். 1985 கோடையில் கிழக்கு ஜேர்மனி அந்த வாசலைத் தமிழருக்கு மூடியது. அதற்குச் சில வாரங்கள் முந்தி வந்தவர் அவர்.

பிறகு ஹைம், வேலைத்தடை, நிராகரிப்பு, அப்பீல். பழைய அகதிகள் எல்லாருக்கும் தெரிந்த கதை, நீட்டத் தேவையில்லை. 1993 இல் ஒரு கிராமத்து விடுதியில் கோப்பை கழுவினார். அந்த விடுதியின் நிலக்கீழ் அறைதான் குறிசூட்டுச் சங்கத்தின் சூட்டுத்தளம். இங்கே பல ஊர்களில் அப்படித்தான்: மேலே பியர், கீழே சூடு. அது சோலிங்கனில் ஒரு துருக்கிக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்து ஐந்து பெண்களையும் சிறுமிகளையும் கொன்ற வருடம், மே மாதம் 29. அதற்கு முதல் நவம்பரில் மொல்ன் நகரத்தில் மூன்று பேர். இரவு வேலை முடிந்து ஹைமுக்குத் தனிய நடக்க எல்லாருக்கும் பயம். செவ்வாய் இரவுகளில் சூட்டுக்காரர் முடித்துவிட்டு வரும்வரை காத்திருந்து அவர்களோடு காரில் போவாராம். காத்திருந்தவரிடம்தான் அந்தக் கிழவர் (அப்போது கிழவர் இல்லை) றைபிளை நீட்டி, சுடுகிறாயா என்று கேட்டார்.

"கை நடுங்கினதடா தம்பி. நான் இனி உதைத் தொடுறேல்லை எண்டு வந்தனான். ஆனால் அங்காலை பாத்தால் ஆள் இல்லை. வட்டம்."

அந்த வட்டத்தைப் பற்றிக் கல்வெட்டு எழுதவில்லை, ஆகவே நாங்கள் எழுதுகிறோம். பத்து மீற்றர் தூரம். நாலரை மில்லிமீற்றர் ஈயக்குண்டு. அட்டையில் உள்ள வட்டங்கள் எல்லாம் சேர்த்து நாலரைச் சென்ரிமீற்றர் சொச்சம் அகலம். நடுவில் உள்ள பத்து, அரை மில்லிமீற்றர் புள்ளி. கடுகு தாளிக்கிறோமே, அந்தக் கடுகின் பாதிகூட இல்லை. சுடுகிறவருக்கு அந்தப் புள்ளி தெரியவே தெரியாது. முன்னாலே ஒரு வளையம், அதற்குள் கறுப்பு வட்டம், அதைச் சுற்றி ஒரேயளவான வெள்ளை. அவ்வளவுதான் தெரியும். மிச்சம் உடம்பு. நின்றபடி, இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, ஐந்து கிலோ சொச்சப் பாரத்தை எலும்பில் சுமத்தித் தசையைத் தளர்த்தவேண்டும். தசையால் தூக்கினால் நடுங்கும். பாதி மூச்சு விட்டு நிறுத்தவேண்டும். இதயம் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் குழல் துள்ளும், இரண்டு துடிப்புக்கு இடையில் விரல் அமரவேண்டும். அமர்ந்த பிறகும் அசையக்கூடாது. குண்டு போன பின்னரும் பார்த்துக்கொண்டே நிற்கவேண்டும். எட்டு, பத்து செக்கனுக்குள் வரவில்லையென்றால் சுடக்கூடாது, றைபிளை இறக்கிவிடவேண்டும்.

"இறக்கத் தெரியாதவன் சுடக்கூடாது" என்பார் அண்ணை. எங்களில் யாருக்கும் அது இலேசில் வரவில்லை. தூக்கினால் சுட்டுவிடவேண்டும் என்ற அவசரம் எங்கே எங்களுக்குள் வந்தது என்று யோசித்திருக்கிறோம்.

நாற்பது குண்டுக்கு நானூறு புள்ளி. அண்ணையின் ஆகக் கூடியது 383. ஒலிம்பிக்காரர் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஆனால் பன்னிரண்டு மணித்தியாலம் குசினியில் நின்ற கால்களோடு அடித்த 383 அது. கண்பார்வை மங்கிய கடைசி வருடங்களில், வயதானவர்கள் இங்கே செய்வதுபோல, றைபிளைத் தாங்கியில் வைத்துச் சுடச் சொல்லிச் சங்கத்தில் கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டார். அது பிடிவாதம். புள்ளி இறங்கிக்கொண்டே போனது.

2008 இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இதே பத்து மீற்றர் எயர் றைபிளில் இந்தியாவின் முதலாவது தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை எடுத்தார். கடைசிக் குண்டு 10.8. அன்றைக்கு ஒலிம்பிக்கில் இந்தியாக்காரனுக்கு என்ன மெடல் என்று ஒரு தமிழரும் கேட்கவில்லை, வன்னிச் செய்திதான் எல்லாருக்கும். அண்ணை அந்தச் சூட்டைப் பதிந்து வைத்து நாங்கள் வந்த பிறகு எங்களுக்குப் போட்டுக் காட்டினார். 2019 ஆகஸ்டில் றியோ உலகக்கிண்ணத்தில் இளவேனில் வாலறிவன் தங்கம் எடுத்தபோது அவருக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த பிள்ளை. அந்தப் பெயரைச் சங்கத்துக் கிழவர்களுக்கு உச்சரிக்கப் பழக்கினார். "ழ" இல்லாத பெயராகப் பார்த்து வைத்திருக்கிறார்கள், இவங்களுக்கும் வருகுது என்று பகிடி விட்டார்.

இனி ஜேர்மன்காரரின் பக்கம். வெள்ளைக்காரனைப் புகழ நாங்கள் இதை எழுதவில்லை. உள்ளூர்ப் பத்திரிகை ஒருமுறை வந்து, அண்ணையைப் பச்சைச் சட்டையில் நிறுத்திப் படம் எடுத்து, ஒருங்கிணைவுக்கு முன்மாதிரி என்று போட்டது. முப்பது வருடம் கழுவிய கோப்பைகள் ஒருங்கிணைவு இல்லை, தொப்பி இறகுதான் ஒருங்கிணைவு! அண்ணை அந்தப் பேப்பரில் வெங்காயம் உரித்தார்.

இந்தச் சங்கங்களுக்கு நீண்ட வரலாறு. 2015 இல் ஜேர்மனி தன்னுடைய கலாச்சார மரபுப் பட்டியலில் இவற்றைச் சேர்த்தது. கோடையில் அவர்களுடைய திருவிழாவைப் பார்த்தால் எங்களுக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் எங்களுடையதுதான். உயரக் கம்பத்தில் மரக்குருவி ஒன்றைக் கட்டி, கிரீடம், செங்கோல், அப்பிள், செட்டைகள் என்று ஒவ்வொன்றாகச் சுட்டு விழுத்துவார்கள். சூரன்போரில் தலை தலையாக விழுவதுபோல. கடைசித் துண்டை விழுத்தியவர் அந்த வருடத்து அரசன். கழுத்தில் வெள்ளிச் சங்கிலி. அதற்குப் பிறகு அவர் ஊருக்கெல்லாம் பியர் வாங்கிக் கொடுத்தே வங்குரோத்தாகவேண்டும். உபயகாரர்தான் வேறு யார்! அண்ணை குருவியைச் சுட ஒருநாளும் முன்னுக்குப் போனதில்லை. விழுந்துவிட்டால் காசுக்கு எங்கே போவது என்பார்.

காசு மட்டும் காரணமில்லை. 2014 இல் எங்களுக்கு எட்டிப்பிடிக்கிற தூரத்தில், வெர்ல் நகரத்தோடு சேர்ந்த சொன்னர்ன் கிராமத்தில், மிதாத் கெடிக் என்பவர் குருவியை விழுத்தி அரசனானார். துருக்கி வம்சாவளி, ஜேர்மன் பிரசை, மனைவி கத்தோலிக்கர். ஊர்க்காரருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் மேலே உள்ள சகோதரத்துவச் சங்கங்களின் கூட்டமைப்பு, அவர் முஸ்லிம், விதிப்படி கிறிஸ்தவர்தான் உறுப்பினராகலாம், சங்கிலியைத் திருப்பிக் கொடு என்றது. நாடு முழுக்கக் கத்தின பிறகு, விதிவிலக்காக அந்த வருடம் வைத்திருக்கலாம் என்று இறங்கிவந்தார்கள். மேலதிகமான போட்டிகளில் கலந்துகொள்ளக்கூடாது என்ற நிபந்தனையோடு. நம்பிக்கை, ஒழுக்கம், தாயகம் என்பது அவர்களுடைய சுலோகம். தாயகம் என்ற சொல்லைக் கேட்டவுடனே எங்களுக்கு ஏன் முதுகு சில்லிடுகிறது என்று அவர்களுக்கு விளங்கப்படுத்த எங்களுடைய டொச் காணாது.

அப்போது எங்களுடைய ஆட்கள் என்ன சொன்னார்கள்? கோவில் மண்டபத்தில் வைத்து ஒருவர், "சோனகனை ராசாவாக்கினால் உப்பிடித்தான், சரியாத்தான் செய்திருக்கிறாங்கள்" என்றார். சிரிப்புச் சத்தம். அண்ணை அதிகம் பேசாதவர். அன்றைக்குப் பேசினார். "ஜேர்மன்காரன் கடிதம் எழுதித்தான் சங்கிலியைக் கேட்டவன். நாங்கள் 1990 ஒக்ரோபரிலை யாழ்ப்பாணத்துச் சோனகச் சனத்துக்கு எவ்வளவு நேரம் குடுத்தனாங்கள்? ரண்டு மணித்தியாலம். சங்கிலியைக் கேட்டோ வாங்கினனாங்கள்? சோதனைச்சாவடியிலை தோட்டையும் கழட்டி எடுத்தது ஞாபகமில்லையே?" மண்டபம் அமைதியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவரைத் துரோகி என்ற கதை கொஞ்சம் பலமாக உலவத் தொடங்கியது. திகதி பார்த்தால் பொருந்துகிறது.

சட்டங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. எயர் றைபிளுக்கு இங்கே பதினெட்டு வயது போதும். ஆனால் ஐம்பது மீற்றரில் சுடுகிற சிறு குழல் றைபிளை வீட்டில் வைத்திருக்க அனுமதி அட்டை வேண்டும். ஒரு வருடம் ஒழுங்காகப் பயிற்சிக்கு வந்திருக்கவேண்டும், பரீட்சை எழுதவேண்டும், இரும்புப்பெட்டி வாங்கவேண்டும். எல்லாம் நியாயம். எர்பூர்ட்டில் 2002 இலும் வின்னண்டனில் 2009 இலும் பள்ளிக்கூடங்களுக்குள் பிள்ளைகள் செத்த நாடு இது, இறுக்காமல் இருந்தால்தான் பிழை. 2020 இலிருந்து உளவுத்துறையிடமும் விசாரிக்கவேண்டும் என்று சட்டம். அண்ணை 2021 இல் விண்ணப்பித்தார். அப்போது அவர் ஜேர்மன் பிரசை. கூப்பிட்டு விசாரித்தார்கள். மேசையில் இருந்தது 1985 இல் அவர் அகதியாகப் பதிந்தபோது கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி. ஒரு முகாமில் ஆயுதப்பயிற்சி எடுத்தேன், ஆளைக் கட்டிவைத்துச் சுட்டதைப் பார்த்தேன், அதனால் ஓடிவந்தேன் என்று அவர் சொன்னது. அந்த உண்மைக்கு அன்றைக்கு அவருக்கு அகதி அந்தஸ்து கிடைக்கவில்லை, ஆதாரம் காணாது என்றார்கள். முப்பத்தாறு வருடம் கழித்து அதே உண்மைக்கு ஆதாரம் தாராளமாகக் கண்டது! விண்ணப்பத்தைத் தானே மீளப் பெற்றுக்கொண்டார். "காத்து போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த செவ்வாய் வழமைபோல வந்தார்.

இன்னொன்று. ஆரம்ப வருடங்களில் பக்கத்து மாவட்டத்தில் நடக்கும் போட்டிகளுக்கு அவரால் போக முடியவில்லை. அகதிக்கு மாவட்ட எல்லை தாண்டத் தடை. பிடிபட்டால் தண்டம். சங்கத்தார் அவரை எழுபது கிலோமீற்றருக்குக் கூட்டிப்போகவேண்டுமென்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கடதாசி எடுக்கவேண்டும். இரண்டு முறை எடுத்தார்கள், ஒருமுறை மறுத்தார்கள். அந்த மறுத்த போட்டியில் அவர் இல்லாமல் ஒரு புள்ளியால் தோற்றதாகக் கிழவர் இன்றைக்கும் சொல்லுவார்.

சுவிஸில் நிலைமை இதைவிடப் பகிடி. அங்கே ஒவ்வொரு வருடமும் நடக்கிற வெளிச்சூட்டுப் போட்டிக்கு ஒரு லட்சத்துக்கு மேலே சனம் போகும், அது அவர்களுடைய நல்லூர்த் திருவிழா. ஆனால் 2008 ஆம் ஆண்டின் ஆயுத ஒழுங்குவிதி 12 ஆம் பிரிவு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. துருக்கி, கொசோவோ, அல்பேனியா, அல்ஜீரியா என்று போகிற அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. அந்த நாட்டுப் பிரசைகள் ஆயுதம் வாங்க, வைத்திருக்க மட்டுமல்ல, துவக்கால் சுடவும் தடை. விளையாட்டுக்கு மாநில நிர்வாகம் விதிவிலக்குக் கொடுக்கலாமாம். எங்களைச் சுட்டவனும் சுடப்பட்டவனும் கடவுச்சீட்டைப் பார்த்தால் ஒன்றுதான். அண்ணையின் மருமகன் ஒருவர் பேர்ணில் பிறந்தவர். பதினெட்டு வயதுவரை இலங்கைப் பாஸ்போட், ஆகவே ஆபத்தான ஆள். பத்தொன்பதில் சுவிஸ் பாஸ்போட் கிடைத்தது, இருபதில் அரசாங்கமே கூப்பிட்டு இராணுவ றைபிளைக் கையில் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோ என்றது. கையில் உள்ள கடதாசி மாறியதே தவிர, கை மாறவில்லை. அந்தப் பெடியன் செத்தவீட்டுக்கு வந்து, வெளியில் போய்க் கிழவர்களோடு மழையில் நின்றான். சொந்தக்காரர் வட்டத்தில் அப்படி நின்றது அவன் ஒருவன்தான்.

எங்களையும் விட்டுவைக்கக்கூடாது. முதல் இரண்டு வருடம் நாங்களும் அண்ணையைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான். வெள்ளைக்காரனுக்குப் பந்தம் பிடிக்கிறார், இறகுத் தொப்பி போட்டால் ஜேர்மன்காரன் ஆகலாம் என்று நினைக்கிறார் என்று குசினியில் கதைத்தோம். எங்களில் ஒருவர் முள்ளிவாய்க்காலுக்குள் இருந்து வந்தவர், அவர் அண்ணையின் முகத்துக்கு நேரேயே சொன்னார்: "இவ்வளவும் பாத்த பிறகும் உங்களாலை அதை எப்பிடித் தூக்கேலுது?" அண்ணை பதில் சொல்லவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காரில் ஏற்றிக்கொண்டு போய்ச் சூட்டுத்தளத்தில் கதிரை ஒன்றில் இருத்திவிட்டுத் தன்பாட்டுக்குச் சுட்டார். முதலாவது சத்தத்துக்கு அவர் எழும்பி வெளியில் போய்விட்டார். எயர் றைபிளின் சத்தம் பெரிதில்லை, கைதட்டுகிற அளவுதான், என்றாலும் போய்விட்டார். அடுத்த கிழமையும் அண்ணை கூட்டிக்கொண்டு போனார், அதற்கடுத்த கிழமையும். ஆறாவதோ ஏழாவதோ கிழமை அவர் முழு நேரமும் கதிரையில் இருந்தார். அவர் இன்றுவரை ஒரு குண்டும் சுட்டதில்லை. ஆனால் அட்டைகளை எண்ணிப் புள்ளி போடுவது அவர்தான். இப்போது தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் வெடி கொளுத்தினால் கட்டிலுக்குக் கீழே போவதில்லை. டொக்ரர்மார் நாலு வருடம் மருந்து கொடுத்து முடியாத காரியம் அது. எல்லாருக்கும் சரிவருமென்று நாங்கள் சொல்லவில்லை. அவருக்கு வந்தது.

இந்த மனிதருக்குத்தான் நாற்பத்துநான்கு பக்கக் கல்வெட்டில் "அன்னார் தானுண்டு தன் வேலையுண்டு என்று வாழ்ந்தவர்" என்று எழுதியிருக்கிறார்கள். 1986 இல் சகோதர இயக்கத்துப் பெடியளைத் தெருவில் போட்டு எரித்தபோது சோடா உடைத்துக் கொடுத்த ஊர்கள் எங்களுடைய ஊர்கள். அந்த ஊரின் கல்வெட்டில் தானுண்டு தன் வேலையுண்டு என்பது பெரிய பாராட்டு என்று நினைக்கிறார்கள் போலும்.

கல்வெட்டுக் குழுவினருக்கு: இன்னொரு பதிப்பு அடிக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. காசு வீண். மன்னிப்பும் எங்களுக்கு வேண்டாம், கேட்பதென்றால் மழையில் நின்ற ஆறு பேரிடம் போய்க் கேளுங்கள், செவ்வாய் இரவு ஏழு மணிக்குப் பிறகு விடுதியின் கீழே இருப்பார்கள். எங்களுக்கு வேண்டியது நாங்கள் தந்த படம். வெட்டுவதற்கு முந்திய முழுப் படம், பெரிதாகக் கழுவி மட்டையில் ஒட்டியிருந்த பிரதி, பின்னால் பச்சை மையில் திகதி எழுதியிருக்கும். சங்கத்தார் அதைச் சூட்டுத்தளத்துச் சுவரில், அண்ணையின் அலுமாரிக்கு மேலே கொழுவக் கேட்கிறார்கள். ஆணி அடித்தாயிற்று. தபாலில் அனுப்பினால் மடங்கும். எங்கள் குசினியின் பின்கதவால் கொண்டுவந்து தரலாம், திங்களில் கடை பூட்டு.